இருபத்தைந்தாவது பெயர்

ஊர்வலம் போவதற்கே கோரம் பார்த்த ஊர் உலகத்தில் எங்கள் ஊர் ஒன்றாகத்தான் இருக்கும். பெருமைக்குச் சொல்லவில்லை. கோரம் பார்த்தவள் நான்.

யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் எங்கள் ஒழுங்கை, அந்த ஒடுக்கமான தெரு, முடியும் இடத்தில் ஒரு சனசமூக நிலையம் இருக்கிறது. ஒரு மண்டபம், உட்கார நாலைந்து வாங்கு, காலையில் நான்கு பத்திரிகை. வாசிக்க வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் பதிவேட்டில் கையெழுத்து வைத்துவிட்டுத்தான் பத்திரிகையைத் தொடவேண்டும். சண்டைக் காலத்தில் தாள் இல்லாமல் கோடு போட்ட கொப்பித் தாளில் பத்திரிகை அடித்தார்கள். அப்போதும் இந்தக் கையெழுத்து நிற்கவில்லை. கூட்டம் என்றால் அறிக்கைப் புத்தகம், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், வந்திருந்தோர் பெயர், அடையாள அட்டை இலக்கம், கையொப்பம். இவ்வளவும் இல்லாமல் எங்கள் ஆட்கள் மண்டபம் கூட்ட ஒரு தும்புத்தடி வாங்கமாட்டார்கள்.

நான் அந்த நிலையத்தின் செயலாளர். பெயர் சிவகௌரி. கூட்டுறவுச் சங்கக்கடையில் முப்பது வருடம் மனேஜராக இருந்து ஓய்வு பெற்றவள். எழுத்தில் இல்லாத காரியம் நடக்காத காரியம் என்று நம்புகிற சாதி நான். தலைவர் இராசநாயகம் அண்ணை, அரசாங்கத்தில் பிரதம லிகிதராக இருந்தவர். பதினொரு வருடம் நாங்கள் இருவரும்தான் நிலையத்தைக் கொண்டு நடத்தினோம். என் கணவர் தியாகராசா இறந்தபோது ஆசுபத்திரியிலிருந்து உடலை எடுப்பது முதல் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரைக்கும் ஓடித்திரிந்தவர் அவர்தான். ஆகவே அவரை நான் அண்ணை என்று கூப்பிட்டது வாய்ப்பேச்சுக்கு அல்ல.

வேட்புமனுவை வாங்கி, திகதியும் குறித்துவிட்டு, பிறகு உள்ளூராட்சித் தேர்தல் வைக்கக் காசில்லை என்று அரசாங்கம் கைவிரித்த வருடம் அது. பிரதேச சபை கலைந்து கிடந்தது. ஒழுங்கையில் லைற் எரியவில்லை என்று சொல்லப் போனால், சொல்லிக் கேட்க ஒரு உறுப்பினர் இல்லை. மேலேயிருந்து யாரோ போட்ட அதிகாரி கையைக் காட்டுவார், இன்னொருவர் வேறு பக்கம் கையைக் காட்டுவார். வோட்டுப் போடுவதையும் பறித்துவிட்டால் எங்களிடம் மிச்சம் என்ன இருக்கிறது என்று இராசநாயகம் அண்ணை ஒருநாள் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார். கேட்டவர் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன், அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

சந்தியிலிருந்து பிரதேச சபை வாசல்வரை ஊர்வலம் போய் எங்கள் கோரிக்கையை மகஜராக எழுதிக் கொடுப்பது என்று கூட்டம் கூட்டினோம். நிலையத்தில் எழுபத்தைந்து அங்கத்தவர்கள். மூன்றில் ஒரு பங்கு, இருபத்தைந்து பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். அதைத்தான் கோரம் என்போம். எண்ணிப் பார்த்தேன், இருபத்து நான்கு. அரை மணித்தியாலம் காத்திருந்தோம். ஒழுங்கையில் ஒரு நாய்கூட வரவில்லை. தோட்டத்துக்கு இறைக்கப் போகவேண்டும் என்று இரண்டு பேர் எழும்பத் தொடங்கினார்கள்.

இராசநாயகம் அண்ணை என் பக்கம் சாய்ந்தார்.

"தங்கச்சி, ஒராள்தானே குறையுது. ஆரணியும் அங்கத்தவர்தானே. பிள்ளையின்ரை பேரைப் போடும்."

ஆரணி என் ஒரே மகள். பல்கலைக்கழகம் முடித்து நாலு வருடம் வேலை இல்லாமல் இருந்தவள், அப்போதுதான் கிராம அலுவலர் பரீட்சையில் சித்தியடைந்திருந்தாள். நேர்முகத் தேர்வுக்கு வீட்டில் இருந்து படித்துக்கொண்டிருந்தாள். அண்ணையின் மகன் கோபிசங்கரும் அதே பரீட்சையில் சித்தி. அவன் கூட்டத்தில் முன்வாங்கில் இருந்தான், பட்டியலில் ஒன்பதாவது.

இருபத்தைந்தாவதாக 'தியாகராசா ஆரணி' என்று எழுதினேன். அடையாள அட்டை இலக்கம் எனக்கு மனப்பாடம். கையொப்பத்தையும் நானே வைத்தேன். தாய்தானே, கேட்கவேண்டுமா என்ன என்று நினைத்தேன். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஊர்வலத்துக்கு ஒலிபெருக்கி வேண்டும், ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். விண்ணப்பத்தோடு கூட்ட அறிக்கையையும் போட்டோக் கொப்பி எடுத்து, 'இணைப்பு 1' என்று தலைப்பிட்டு, குத்தூசி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதை ஒருவரும் கேட்கவில்லை. பொலிஸ் நிலையத்தில் எனக்குக் கதிரை தந்து இருத்தினார்கள். இவ்வளவு ஒழுங்காக ஒருவரும் விண்ணப்பம் கொண்டுவருவதில்லை என்று அங்கிருந்த சார்ஜன் சொன்னார். நல்ல தமிழ் கதைக்கிற மனுசன். நான் சந்தோசமாக சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தேன். அந்தச் சந்தோசத்தை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைய வேண்டும் போலிருக்கிறது.

ஊர்வலத்தன்று காலையில் இருநூறு பேர் சேர்ந்தார்கள். ஒலிபெருக்கி அனுமதி வரவில்லை. கோபிசங்கர் விளையாட்டுக் கழகத்தின் கையடக்க மெகாபோனைத் தூக்கிக்கொண்டு வந்து முன்னுக்கு நின்றான். பாதி வழியில் தெருவை மறித்து இரும்பு வேலி. அதன் பின்னால் தண்ணீர்த் தாரை அடிக்கிற வண்டி இரண்டு. எங்களுக்குக் கிடைக்காத ஒலிபெருக்கி பொலிசாரிடம் இருந்தது. அதில் நீதிமன்றத் தடையுத்தரவை வாசித்தார்கள். பின்வரும் இருபத்தைந்து பேரும் அவர்களோடு சேர்ந்தவர்களும் ஊர்வலம் போகக்கூடாதாம்.

ஒன்று, இராசநாயகம். இரண்டு, சிவகௌரி. நான் எழுதிய அதே ஒழுங்கு. பெயர் வாசிக்க வாசிக்க ஆட்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். தங்கள் பெயரை இவ்வளவு திருத்தமாகப் பொலிசுக்குச் சொன்னது யார் என்று கேட்கவேண்டிய தேவை இருக்கவில்லை. இருபத்தைந்தாவதாக என் மகளின் பெயர் தெரு முழுக்கக் கேட்டது. அவள் அந்த நேரம் வீட்டில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு தண்ணீர் அடித்தார்கள். கிணறு வற்றிக் கிடக்கிற பங்குனி வெயிலில், ஒரு தோட்டம் நனைகிற தண்ணீரை ஆட்களின் நெஞ்சில் அடித்தார்கள். எங்கள் நிர்வாகசபைக் கேதீஸ்வரி மதகில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. மூன்று பேரை ஜீப்பில் ஏற்றி, பின்னேரம் விட்டார்கள். கோபிசங்கர் கடைசிவரைக்கும் ஓடவில்லை. நனைந்த சேட்டு உடம்போடு ஒட்ட நின்று 'எங்கள் வாக்கு எங்கள் உரிமை' என்று கத்திக்கொண்டே இருந்தான். நடந்ததை நடந்தபடி சொல்லவேண்டும்.

தடையை மீறியதாக இருபத்தைந்து பேர்மீதும் வழக்கு. ஒவ்வொருவராக வாக்குமூலத்துக்குக் கூப்பிடத் தொடங்கினார்கள். அடுத்த கிழமை ஆரணியின் நேர்முகத் தேர்வு நன்றாக நடந்தது. இனிப் பொலிஸ் அறிக்கை ஒன்றுதான் தேவை என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். வழக்கில் பெயர் இருக்கிறவளுக்கு அரசாங்கம் உத்தியோகம் தராது என்று எனக்கு விளங்க ஒரு நிமிடம் போதும். வீட்டுக்கு வந்த பொலிஸ் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆரணி என்னைப் பார்த்தாள்.

"நான் வரேல்லையே அம்மா. என்ரை பேர் எப்பிடிப் போனது?"

நான்தான் எழுதினேன் என்று சொன்னேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இராசநாயகம் அண்ணை வீட்டுக்கு ஓடினேன். விறாந்தையில் இருத்தித் தேத்தண்ணி தந்தார். நிலையத்திலிருந்து பொலிசுக்கு ஒரு கடிதம் எழுதவேண்டும், ஆரணி கூட்டத்துக்கும் வரவில்லை, ஊர்வலத்துக்கும் வரவில்லை, கள்ளக் கையெழுத்து வைத்தது செயலாளர் என்றே எழுதுங்கள், எனக்கு வருவது வரட்டும் என்றேன். கள்ளக் கையெழுத்து என்று எழுதினால் நிலையத்தின் மானம் போய்விடும் என்றார் அவர். ஒரு பெயர் தவறுதலாகப் பதியப்பட்டுவிட்டது, அதை நீக்கவும் என்று எழுதினால் காணும். தலைவரும் செயலாளரும் ஒப்பமிட்டு முத்திரை குத்தினால் ஏற்றுக்கொள்வார்கள். கோபி யாழ்ப்பாண ரவுணுக்குப் போகிறான், அங்கே ரைப் அடிப்பித்து அவனே கொண்டுபோய்க் கொடுப்பான்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. கடிதத்துக்கு இரண்டு ஒப்பம் வேண்டும், இருவரும் ஒரே நேரத்தில் அகப்படுவது கஷ்டம். அதனால் நிலையத்தின் கடிதத்தலைப்புத் தாளில் நான் முதலே கீழே கையெழுத்து வைத்து, முத்திரையும் குத்திக் கொடுத்துவிடுவேன். மேலே எழுதவேண்டியதை அவர் எழுதுவார். பதினொரு வருடம் அப்படித்தான் நடந்தது. தண்ணீர்த் தொட்டிக்கு, முன்பள்ளிக் கூரைக்கு, எத்தனை கடிதம். அன்றைக்கும் வெறுந்தாளில் கையெழுத்து வைத்தேன். முத்திரை சரியாகப் பதியவில்லை என்று இரண்டாம் தரமும் அழுத்திக் குத்தினேன்.

மூன்று கிழமை போனது. அந்த மூன்று கிழமையும் நான் நிம்மதியாகச் சோறு தின்றேன். வாக்குமூலத்துக்கு ஆரணியைக் கூட்டிக்கொண்டு போகும்போதுகூட, இது வெறும் சடங்கு, பெயர் எப்போதோ வெட்டப்பட்டிருக்கும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன்.

அதே சார்ஜன். இந்தமுறையும் கதிரை தந்தார். இந்தப் பிள்ளை கூட்டத்துக்கே வராதவள், நிலையத்திலிருந்து கடிதம் வந்திருக்குமே என்றேன். வந்திருக்கிறது என்று பைலைத் திருப்பி என் பக்கம் வைத்தார்.

'பட்டியலில் ஒன்பதாம் இலக்கத்திலுள்ள இராசநாயகம் கோபிசங்கர் என்பவரின் பெயர் தவறுதலாகப் பதியப்பட்டுவிட்டது. அவர் மேற்படி கூட்டத்திலோ ஊர்வலத்திலோ பங்குபற்றவில்லை. ஏனைய இருபத்து நான்கு பெயர்களும் சரியானவை என இத்தால் உறுதிப்படுத்துகிறோம்.'

கீழே என் கையெழுத்து. சுத்தமாகப் பதிந்த முத்திரை.

நான் இரண்டு தரம் வாசித்தேன். எழுத்துக்கள் மாறவில்லை. ஒரு பெயர் தவறு என்று எழுதச் சொன்னேன், ஒரு பெயர் தவறு என்று எழுதியிருந்தார். தன் மகனை வெளியே எடுத்துக்கொண்டு என் மகளை உள்ளே விட்டதோடு அவர் நிறுத்தவில்லை. அவள் வந்தது உறுதி என்று என் கையாலேயே கையெழுத்து வாங்கியிருந்தார்.

சார்ஜன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தாளுக்கு எதுவோ விளங்கிவிட்டது.

"அப்ப உந்தக் கடிதம் பொய்யோ அம்மா? பொய்யெண்டால் சொல்லுங்கோ. எழுதுவம்."

பேனையையும் எடுத்துவிட்டார். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆரணியின் பெயரை வெட்டவேண்டுமென்றால் முழுக் கடிதமும் பொய்யாகவேண்டும். கோபிசங்கர் வந்தான், மெகாபோன் பிடித்தவனே அவன்தான் என்று சொன்னால் என் மகள் வெளியே வருவாள், அவன் உள்ளே போவான். ஆனால் எங்கள் ஊரில் ஆட்களை வரிசையில் நிறுத்திவைத்து, முகத்தில் சாக்குப் போட்ட ஒருத்தனை முன்னால் இருத்தி, யாரைப் பிடிப்பது என்று தலையாட்டிக் காட்ட வைத்த காலம் ஒன்று இருந்தது. என் தம்பியை அப்படித்தான் கொண்டுபோனார்கள். சாக்குக்குள் இருந்தது யார் என்று எங்களுக்குத் தெரியும். அவன் வீட்டில் இன்றுவரைக்கும் நான் தண்ணி வாங்கிக் குடித்ததில்லை. இது இராசநாயகம் அண்ணைக்கும் தெரியும். சிவகௌரி என்ன செய்வாள், எதைச் செய்யவேமாட்டாள் என்று நன்றாகத் தெரிந்துதான் அந்தக் கடிதத்தை எழுதியிருக்கிறார். முகம் தெரியாதவன் செய்திருந்தால் அது வெறும் அநியாயம். இவர் என் நல்ல குணத்தைப் பிடித்தே என்னைக் கவிழ்த்தார்.

ஆரணியைப் பார்த்தேன். அவளும் கடிதத்தை வாசித்திருந்தாள். தலையை மெல்ல ஆட்டினாள், வேண்டாம் என்று.

"கடிதம் சரி," என்றேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸுக்கு நிற்கவில்லை, நடந்தோம். பாதி வழி போனபிறகு ஆரணி வாய் திறந்தாள். தன் பெயரை எழுதினதுக்குத் தனக்குக் கோபமில்லை என்றாள்.

"என்னைக் கேளாமல் எழுதினியள் பாருங்கோ, அதுதான் அம்மா. கேட்டிருந்தால் நான் வந்திருப்பன்."

வோட்டுக் கேட்டு ஊர்வலம் போன எனக்கு வீட்டுக்குள் இருந்த பிள்ளையின் விருப்பத்தைக் கேட்கத் தெரியவில்லை. இதற்கு நான் யாரைக் குற்றம் சொல்ல?

அன்று பின்னேரமே அண்ணை வீட்டு வாசலில் போய் நின்றேன். உள்ளே போகவில்லை. அவர் வாசல் படலைக்கு வந்தார். மறுக்கவும் இல்லை, மழுப்பவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"பொடியனுக்கு முப்பத்தைஞ்சு முடியுது தங்கச்சி. இதை விட்டால் அவனுக்கு அரசாங்க உத்தியோகமே இல்லை. ஆரணிக்கு இன்னும் வயது கிடக்கு. பெம்பிளைப்பிள்ளை, ஒரு கலியாணத்தைச் செய்து வைச்சால் எல்லாம் சரிவரும். உமக்கு விளங்கும் எண்டு தெரியும்."

நான் ஏதோ சொன்னேன். நல்ல வார்த்தைகள் இல்லை. ஒழுங்கையில் நாலு வீட்டுக்குக் கேட்டிருக்கும். ஆனால் மறுநாள் பத்திரிகை வாசிக்க வந்தவர்கள் ஒருவரும் அதைப்பற்றி வாய் திறக்கவில்லை. மணிக்கட்டு முறிந்த கேதீஸ்வரிகூட, நடந்தது நடந்துபோச்சு, இனி ஊரை இரண்டாக்காதே என்று எனக்குத்தான் புத்தி சொன்னாள். பட்டியலைப் பொலிசுக்குக் கொடுத்தவள் நீதானே என்று அவள் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது எனக்குக் கேட்டது.

நியமனப் பட்டியல் வந்தது. கோபிசங்கர் தென்மராட்சியில் கிராம அலுவலர். ஆரணியின் பெயர் இல்லை. அவள் இப்போது யாழ்ப்பாணத்தில் ஒரு புடவைக்கடையில் பில் எழுதுகிறாள். வழக்குத் தவணைக்கு மட்டும் லீவு எடுப்பாள். கடைக்காரர் அதற்குச் சம்பளம் வெட்டுவார். கோபிசங்கர் புது மோட்டார்சைக்கிளில் எங்கள் படலையைக் கடக்கும்போது வேகமாகப் போவான். ஒருமுறை மட்டும் நிறுத்தினான். என்னைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, திரும்பவும் முடுக்கிக்கொண்டு போய்விட்டான். அந்தக் கடிதத்தை ரைப் அடிப்பித்தவன் அவன்.

நான் செயலாளர் பதவியை விடவில்லை. விட்டால் புத்தகம் அவரிடம் போகும். மாதாமாதம் அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து அறிக்கை எழுதினேன். கதைப்பதில்லை. வெறுந்தாளில் கையெழுத்து வைப்பதும் இல்லை.

இரண்டு வருடம் கழித்து, ஆட்சியும் மாறி, கடைசியில் உள்ளூராட்சித் தேர்தல் வைக்கிறோம் என்று அறிவித்தார்கள். அன்று நாங்கள் நனைந்தது எதற்காகவோ அது வந்துவிட்டது. இராசநாயகம் அண்ணை சுயேச்சைக் குழுவில் எங்கள் வட்டாரத்துக்கு நிற்கப் போகிறார் என்றார்கள். தேர்தல் வேண்டுமென்று தண்ணீர் அடி வாங்கியவர், வழக்கில் முதலாவது பெயர். அவரைவிடத் தகுதியான ஆள் யார்? நிலையத்தின் ஆதரவுத் தீர்மானம் ஒன்று அவருக்கு வேண்டியிருந்தது. அடுத்தநாள் குழுக் கூட்டத்தில் அதைக் காட்டினால்தான் இடம் என்று பேச்சு. விசேட பொதுக்கூட்டம் கூட்டினார்.

மண்டபத்துக்கு வெள்ளை அடித்திருந்தது. எல்லோருக்கும் கேக்கும் சோடாவும். கோபிசங்கர் வரவில்லை, அரசாங்க உத்தியோகத்தர் இப்படியான கூட்டங்களுக்கு வரக்கூடாதாம். நான் வந்திருந்தவர்களின் பெயர்களை எழுதி, கையொப்பம் வாங்கி, எண்ணினேன். பிறகு வாங்கு வாங்காக ஆட்களை எண்ணினேன்.

இருபத்து நான்கு.

காத்திருந்தோம். ஒருவரும் வரவில்லை. சோடா சூடாகிக்கொண்டிருந்தது. இராசநாயகம் அண்ணை மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு என் பக்கம் சாய்ந்தார். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவர் என்னோடு நேரே கதைத்தது அதுதான். குரலில் அதே பழைய வாஞ்சை.

"தங்கச்சி, ஒராள்தான் குறையுது. பிள்ளையின்ரை பேரைப் போடுமன்."

அவருக்கு நினைவில்லை. நான் அவருடைய முகத்தை நன்றாகப் பார்த்தேன். எதையும் மறைக்கிற முகம் இல்லை. ஆரணியின் பெயரால் அவர் என்ன செய்தார் என்பதே அந்த நேரத்தில் அவருக்கு நினைவில் இல்லை. இரண்டு வருடமாக நான் ஒவ்வொரு நாளும் நினைத்து எழும்பியதை அவர் மறந்து நித்திரை கொண்டிருக்கிறார்.

பேனையை மூடினேன். எழும்பி நின்றேன். கதிரை பின்னால் இழுபட்ட சத்தத்தில் எல்லோரும் திரும்பினார்கள்.

"ஆரணி வரேல்லை அண்ணை," என்றேன், மண்டபம் முழுக்கக் கேட்க. "அண்டைக்கும் வரேல்லை."

கேதீஸ்வரி தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோரம் இல்லாததால் கூட்டம் நடைபெறவில்லை என்று எழுதி, திகதி போட்டு, கையெழுத்து வைத்தேன். புத்தகத்தைக் கமக்கட்டுக்குள் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.